‘அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு’: இதில் எவ்வளவு உண்மை?

போன மாதம் எங்கள் பக்கம் ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோனது. பெண்ணுக்கு 27 வயது, நல்ல வேலை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒரு வாரம் கழித்து வேண்டாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் பெண்ணின் அண்ணன். அவருக்கு 22 வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. இப்போது மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, கார் கழுவும் கடையில் வேலைக்குப் போய், ஒழுங்காகத்தான் இருக்கிறார். ஆனால் யாரோ ஒருவர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்: ‘அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு, நாளைக்கு உங்க பேரப்பிள்ளைக்கும் வரும்.’

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் இப்படி ஒரு சொல் விழுந்தால் விழுந்ததுதான். ஒரே லயத்தில் இருந்தவர்கள்தான் தோட்டம் கைமாறிய பிறகு பக்கத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறியிருக்கிறோம், யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது மூன்று தலைமுறைக்குத் தெரியும். தஞ்சோங் ரம்புத்தான் எங்களுக்கு மிகவும் பக்கம். 1911-ல் திறந்த அந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது ‘பஹாகியா’ என்று பெயர், மலாயில் மகிழ்ச்சி என்று அர்த்தம். ஆனாலும் பிள்ளைகளை மிரட்டுவதற்கு இன்றும் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறோம். அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி, ‘அண்ணே, என் பிள்ளைக்கு வருமா?’ அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாத குரல் கேட்பது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தனக்கு எதிராகத் திட்டம் போடுகிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோர்வையில்லாமல் போவது, இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். அது சில நாள் வந்து போகலாம், சியாபு என்ற போதைப்பொருள் அடித்தும் வரலாம், தீவிரமான மனநிலை ஏற்றத்தின்போதும் வரலாம். நீண்டகாலம் நின்று, கூடவே ஆர்வமும் முகத்தின் உணர்ச்சியும் வற்றிப்போனால் அது மனச்சிதைவாக இருக்கலாம். உலகத்தில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று ஆள் பார்த்து வருவதில்லை.

சரி, பரம்பரையா? ஆமாம், பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை மறைத்துப் பேசினால் யாருக்கும் நன்மையில்லை. 1966-ல் லெனர்ட் ஹெஸ்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து மூன்று நாளுக்குள் தாயைப் பிரிந்து வேறு இடங்களில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். அதில் ஐந்து பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. அதே மாதிரி தாயைப் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்த ஐந்து பேரும் நோயுள்ள தாயிடம் வளர்ந்தவர்கள் இல்லை. அதாவது பார்த்துப் பழகி வருவதில்லை, கருவிலேயே ஏதோ கைமாறுகிறது.

ஆனால் அந்த ‘ஏதோ’ எது என்பதில்தான் நம் ஊர்ப் பேச்சு தடம் மாறுகிறது. ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லும்போது, ஒரு விதை மாதிரி ஒரே ஒரு பொருள் தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு இறங்குகிறது என்று மனதில் ஒரு படம் வைத்திருக்கிறோம். அப்படி இறங்கும் சங்கதிகளும் உண்டு. செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையின் ஓடு தடித்த டூரா மரம், ஓடே இல்லாத பிசிஃபெரா மரம், இரண்டையும் சேர்த்தால் மெல்லிய ஓடுள்ள தெனேரா. தோட்டங்களில் இன்று நிற்பது பெரும்பாலும் தெனேராதான், டூராவைவிட சுமார் 30 விழுக்காடு எண்ணெய் கூடுதல். இந்த ஓட்டின் தடிப்பைத் தீர்மானிப்பது ஒரே மரபணு, 2013-ல் மலேசிய செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நாற்றங்காலிலேயே ஓர் இலையைக் கிள்ளிச் சோதித்து இது எந்த ரகம் என்று சொல்லிவிடலாம்.

மனச்சிதைவு அந்த ரகமில்லை. 2014-ல் ஒரு சர்வதேச ஆய்வுக் குழு நம் டிஎன்ஏவில் இந்த நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் காட்டியது. 2022-ல் அதே குழு 76,755 நோயாளிகளையும் நோயில்லாத 2,43,649 பேரையும் ஒப்பிட்டு, இடங்களின் எண்ணிக்கையை 287 ஆக்கியது. இந்த ஒவ்வொரு இடமும் ஆபத்தைக் கூட்டுவது மிகமிகக் கொஞ்சம். அந்த மாறுதல்களில் பல உங்களுக்கும் எனக்கும் இருக்கும், நின்றுபோன சம்பந்தத்து மாப்பிள்ளை வீட்டாருக்கும் இருக்கும். இருக்காதவர் என்று யாருமே இல்லை. சிலருக்கு அவை அதிகமாகச் சேர்ந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

சில குடும்பங்களில் பெரிய அடியாக ஒரே ஒரு மாறுதல் விழுவதும் உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 4,000-க்கு ஒருவர். இவர்களில் பலருக்கு இதயத்தில் குறையோ அண்ணப் பிளவோ இருக்கும், பெரியவர்களாகும்போது சுமார் கால்வாசிப் பேருக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வருகிறது. 2022-லேயே வந்த இன்னொரு பெரிய ஆய்வு, பழுதானால் ஆபத்தைப் பல மடங்கு கூட்டும் பத்து மரபணுக்களைப் பெயரோடு சொன்னது. ஆனால் அந்தப் பழுதுகள் மிக அரிது. அதிலும் பல, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் அந்தப் பிள்ளையிடம் புதிதாக உண்டானவை. குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லையே, இவனுக்கு மட்டும் எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு இது ஒரு பதில். மனச்சிதைவு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நெருங்கிய உறவில் யாருக்குமே அந்த நோய் இருந்ததில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் நூறு கோடு போட்டேன், பத்துப் பத்தாக. நோயுள்ளவரின் உடன்பிறப்புக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது வரை என்று பழைய ஐரோப்பியக் கணக்குகள் சொல்கின்றன, பிள்ளைக்குச் சுமார் பத்து முதல் பதிமூன்று, உடன்பிறப்பின் பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு. அவளுடைய பிள்ளைக்கு அண்ணன் தாய்மாமன். அதனால் நூறில் நான்கு கோட்டைச் சுழித்தேன். மீதி 96. ‘நோயே இல்லாத வீட்டிலே எத்தனை?’ என்று கேட்டாள். ஒன்றைச் சுழித்தேன். அவள் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நாலுன்னா நாலுதானே, நான் நாற்பதுன்னு நினைச்சேன்’ என்றாள்.

இரட்டையர் கணக்கு இன்னும் பேசும். ஒரே கருவிலிருந்து பிரிந்த, டிஎன்ஏ அப்படியே ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு. பழைய ஆய்வுகளில் 48 விழுக்காடு என்றார்கள், டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டை வைத்து 2018-ல் போட்ட கணக்கில் 33 விழுக்காடு. அதே டென்மார்க் ஆய்வுதான் இந்த நோயில் பரம்பரையின் பங்கு 79 விழுக்காடு என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோலத் தெரியும். 79 என்பது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபணு விளக்குகிறது என்பதற்கான கணக்கு. ஒரு தனி மனிதனுக்கு வரும் வாய்ப்பு 79 விழுக்காடு என்று அதைப் படிக்கவே கூடாது. பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் படிக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டிஎன்ஏ ஒன்றாக இருந்தும் விளைவு வேறாவதற்கு நம் தோட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நல்ல காய்ப்புள்ள ஒரு செம்பனையின் திசுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து நூற்றுக்கணக்கில் கன்று எடுப்பார்கள். எல்லாம் ஒரே மரத்தின் நகல். நட்டு சில ஆண்டுகள் நன்றாகத்தான் வளரும், பிறகு பூத்துக் காய்க்கும்போது சில மரங்களில் மட்டும் பழம் கோணலாக, மேலே போர்வை போர்த்தியதுபோல வரும், எண்ணெய் குறைந்துவிடும். 2015-ல் மலேசிய செம்பனை வாரிய விஞ்ஞானிகள்தான் அதன் காரணத்தையும் காட்டினார்கள். எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் உட்கார்ந்து ‘இதைப் படி, இதைப் படிக்காதே’ என்று சொல்லும் ஒரு வேதியியல் குறி அந்த மரங்களில் உதிர்ந்துபோயிருந்தது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கர்மா’. மனச்சிதைவில் நடப்பது இதுவேதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே எழுத்தை இரண்டு உடல்கள் இரண்டு விதமாகப் படிக்க முடியும், அந்த வித்தியாசம் வெளியே தெரிய ஆண்டுகள் ஆகலாம், இந்த இரண்டுக்காக மட்டும்தான் இதைச் சொன்னேன்.

நோய் ஏன் இருபது வயதை ஒட்டி வருகிறது என்பதுதான் எல்லாரையும் குழப்பும் கேள்வி. ஆரம்பப் பள்ளி யூபிஎஸ்ஆர் தேர்வில் ஏழு ஏ எடுத்த பையன், படிவம் 5 வரை நன்றாக இருந்தவன், திடீரென்று எப்படி என்று கேட்பார்கள். திடீரென்று இல்லை. மூளையைக் கட்டும் வேலை கருவில் மூன்றாவது வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது, இருபத்தைந்து வயது வரை முடிவதில்லை. சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்து போய், ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்ள வேண்டும். மனச்சிதைவோடு தொடர்புள்ள மரபணுக்களில் பல இந்தக் கை கோக்கும் இடத்தில், அதாவது சினாப்ஸில், வேலை செய்பவை. அவற்றில் பல, குழந்தை கருவில் இருக்கும்போதே மும்முரமாக வேலை செய்கின்றன. பிரிட்டனில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். பிற்பாடு மனச்சிதைவு வந்தவர்கள், குழந்தையில் சராசரியாக ஒரு மாதம் போலப் பிந்தி நடந்திருந்தார்கள். (பிள்ளை பிந்தி நடக்கிறதே என்று இதைப் படித்து யாரும் பயந்துவிட வேண்டாம், பிந்தி நடக்கும் பிள்ளைகளில் ஆகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் வருவதில்லை.)

அப்புறம் இரண்டாவது கட்டம். குழந்தைக்கு ஒன்று, இரண்டு வயதில் மூளையின் முன்பகுதியில் சினாப்ஸ்கள் பெரியவர்களுக்கு உள்ளதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நெருக்கமாக இருக்கும். பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்து எண்ணி 1979-ல் இதைச் சொன்னார். பிறகு பதின்ம வயது வரை தேவையில்லாத இணைப்புகளை மூளை வெட்டித் தள்ளுகிறது. என் அப்பா செம்பனையில் பழம் வெட்டியவர். மரத்தை அண்ணாந்து பார்த்து, பழுத்த குலைக்குக் கீழே இரண்டு மட்டையை விட்டுவிட்டு மற்றதை அரிவாளால் இழுப்பார். மட்டையை வெட்டாமல் விட்டால் பழம் கண்ணுக்குத் தெரியாது, உதிரிப்பழம் மட்டைக் காம்பில் சிக்கிக்கொள்ளும். ரொம்ப வெட்டிவிட்டால் மரத்துக்குச் சோறு இல்லாமல் போய் அடுத்த வருசம் காய்ப்பு படுத்துவிடும். புது ஆட்கள் வேகத்தில் ஒரு மட்டை சேர்த்து இழுத்துவிட்டால் அப்பாவுக்குத் தாங்காது, கத்துவார். அளவு தவறக்கூடாது.

மனச்சிதைவில் இந்த வெட்டு அளவு தாண்டிப் போகிறதோ என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982-லேயே எழுதினார். வெறும் ஊகமாக முப்பது ஆண்டுக்கும் மேல் கிடந்தது. 2016-ல் பாஸ்டனில் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் 6ஆம் குரோமோசோமில் உள்ள சி4 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். சி4 ரத்தத்தில் செய்யும் வேலை கிருமியின் மேல் ‘இதைத் தின்னு’ என்று அடையாளம் போடுவது. மூளையிலும் அதே வேலைதான், ஆனால் அங்கே அடையாளம் விழுவது சினாப்ஸின் மேல், மூளையின் துப்புரவு செல்கள் வந்து அதைத் தின்றுவிடுகின்றன. சி4 அதிகமாகச் சுரக்கும் வகை உள்ளவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று பல்லாயிரம் பேரின் டிஎன்ஏவில் அந்தக் குழு காட்டியது. கொஞ்சம்தான், ஏனென்றால் 287-ல் இது ஒன்று. ஆனாலும் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பதினெட்டு இருபது வயதில் ஏன் என்ற கேள்விக்கு, காத்து கருப்பு, செய்வினை என்று எதுவும் தேவைப்படாமல், கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு வழி கிடைத்தது அப்போதுதான்.

இது எனக்கு வெறும் படிப்பு விசயமில்லை. 1986-ல் என் சித்தப்பாவுக்கு இருபது வயது. லயத்து வீட்டில் ரேடியோ அவரைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்லி, முதலில் சத்தத்தைக் குறைத்தார், பிறகு உள்ளங்கையை அதன் முகத்தில் அழுத்தி மூடிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார், கையில் வலை வலையாகப் பதிந்திருக்கும். கடைசியில் சன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தார். பாட்டி முனியாண்டி கோயிலில் கொண்டுபோய் உட்கார வைத்தார், எலுமிச்சம்பழம், கயிறு, கோழி, இரண்டு வருசம் போனது. பிறகுதான் மருத்துவமனை. இரண்டு வருசம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் சிகிச்சை இல்லாமல் போகும் காலம் நீள நீள, குணமாவதும் கடினமாகிறது என்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப உறுதியான விசயம்.

பாட்டிக்கு வேறொரு கணக்கும் இருந்தது. சித்தப்பா வயிற்றில் இருந்தபோது பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் சறுக்கி விழுந்தாராம். ‘அன்னிக்கு விழாம இருந்திருந்தா எம்புள்ளை நல்லா இருந்திருப்பான்’ என்பதைச் சாகும்வரை சொன்னார். அந்தக் காலத்து மருத்துவமும் தாய்மாருக்கு இதைவிட நல்லதாக எதையும் சொல்லிவிடவில்லை. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற பெயர்பெற்ற மனநல மருத்துவரே, மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார், அது இருபது முப்பது வருசம் எத்தனையோ அம்மாக்களைக் குத்தியது. ஹெஸ்டனின் அந்த 47 பேர்தான் அதன் வேரை ஆட்டியது. மாறுதலைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் தகப்பனுக்கும் பங்குண்டு. ஐஸ்லாந்தில் 2012-ல் வந்த ஆய்வின்படி, தகப்பனின் வயது ஒவ்வொரு ஆண்டு கூடும்போதும் பிள்ளையின் டிஎன்ஏவில் சுமார் இரண்டு புதிய மாறுதல் சேர்கிறது. அப்பாவின் வயதைப் பற்றி எந்த லயத்திலும் யாரும் குசுகுசுத்ததில்லை.

மரபணுவுக்கு வெளியே இருந்து வருவதும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் ஒரு பகுதி பட்டினியில் கிடந்தது, அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு இரண்டு மடங்கு. 1959-61 பஞ்சத்தின்போது சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் கருவாகிப் பிறந்தவர்களிடமும் அதே கதை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளை பெற்ற நம் பூட்டிமார்களை நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டுவது போன்ற சிக்கல்களும் ஆபத்தைக் கூட்டும். ஒரு சறுக்கல், ஒரு விழுதல், ஒரு கிரகணம், இவற்றுக்கு அந்தச் சக்தி கிடையாது.

வளர்ந்த பிறகு நம் கட்டுப்பாட்டில் இருப்பது, போதைப்பொருளைத் தொடாமல் இருப்பது. வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்குச் சைக்கோசிஸ் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019-ல் வந்த பல நகர ஆய்வு சொன்னது. சியாபு தனியாகவே குரல் கேட்கவைக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருந்து, மறைத்தே வளர்த்தால், பதினாறு வயதுப் பையனிடம் ‘உனக்கு மற்றவனைவிட இது ஆகாதுடா, உன் மாமனைப் பாரு’ என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது. சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயத்தில் நாம் மூடிவைப்பதன் விலையை அந்தப் பையன்தான் கொடுக்கிறான்.

சோதனை செய்து பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இணையத்தில் எச்சிலை அனுப்பிப் பார்க்கும் டிஎன்ஏ சோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மேலே சொன்ன 287 இடங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்திலிருந்து வந்த கணக்கு, அதை வைத்துப் போடும் மதிப்பெண் நம்மவர்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை, அவர்களுக்கே அதை வைத்து ஒரு தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. நம் பக்கத்து வேலையும் நடக்கிறது. 1984-ல் மனநல மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து தென்னிந்தியக் குடும்பங்களில் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது, 3,092 பேர். வைட்டமின் பி3-ஐ உடல் பயன்படுத்தும் பாதையில் உள்ள ஒரு மரபணு அதில் சிக்கியது. அதற்காக பி3 மாத்திரையை மருந்தென்று வாங்கிச் சாப்பிடக்கூடாது, அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. இதயக் குறையோடோ அண்ணப் பிளவோடோ பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் இந்த அறிகுறிகள் வந்தால் மட்டும், 22ஆம் குரோமோசோம் சோதனை வேண்டுமா என்று நிபுணரிடம் கேளுங்கள், அதில் அர்த்தம் இருக்கிறது.

பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள் உள்ள பிள்ளை அறையை விட்டு வராமல் போனால், ராத்திரி பகலாகிவிட்டால், படிப்பு சரிந்து, பழைய கூட்டாளிகளை விட்டு, எல்லார் மேலும் சந்தேகம் வந்தால், காத்திருக்க வேண்டாம். கோயிலுக்கும் போகட்டும், அதே வாரம் அரசாங்க கிளினிக்குக்கும் போகட்டும், பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). ‘குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?’ என்று அங்கே கேட்பார்கள். இருந்தது என்றால் யாருக்கு, எந்த வயதில், எந்த மருந்து கேட்டது என்று சொல்லுங்கள். அண்ணனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்பது தம்பிக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது மருத்துவருக்கு ஒரு தடயம்.

அந்தப் பெண் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டார் வரும்போது அண்ணனை உள்ளறையில் உட்கார வைக்கப் போவதில்லை, அவர்தான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.